பிளஸ் முக்கால்

சுடும்போது குறி தப்பியதற்கு சவுரிராயன் முதலில் பழி போட்டது ஈயக்குண்டின் மேல். இந்தத் தடவை வந்த டப்பாவே சரியில்லை என்றார். அடுத்த வாரம் டியூப் லைட். அதற்கடுத்த வாரம், பக்கத்து வரிசையில் நின்று சுடும் கல்லூரிப் பெண் மூச்சு விடுகிற சத்தம். துப்பாக்கிக் கட்டை, தகரக் கூரையின் சூடு, காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டார். விசாரணைக்கு வராமல் மிச்சமிருந்தது அவருடைய கண் ஒன்றுதான். அதைக் கூண்டில் ஏற்ற மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

எப்படி வரும்? அது என்ன சாதாரணக் கண்ணா? முப்பத்தாறு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டிய கண். ரயில்வே டாக்டர் ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏ-ஒன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கண். மார்கழிப் பனியில் உதவி டிரைவர் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இவர் கையை நீட்டி, "ஹோம் சிக்னல், மஞ்சள்" என்று உரக்கச் சொல்லியிருப்பார். சிக்னலைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எஞ்சினில் உள்ள வழக்கம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், விழுப்புரம் நாலு முனைச் சாலையில் ஆட்டோவில் போகும்போது பச்சை விழுந்தால் இவர் கை தானாக நீளும். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அவ்ளோ தூரம் தெரியற கண்ணுக்கு சமையக்கட்டுல உப்பு டப்பா தெரியாதே" என்பார் அவருடைய மனைவி பிரபாவதி. உண்மைதான். பேப்பர் படிக்க சவுரிராயனிடம் ஒரு கண்ணாடி இருந்தது. ஜங்ஷன் பிளாட்பாரக் கடையில் ரெடிமேடாக வாங்கியது. ஆனால் அதை நாலு பேர் எதிரில் சட்டைப் பையிலிருந்து எடுக்கமாட்டார். வெள்ளெழுத்து என்பது மற்ற மனிதர்களுக்கு வருகிற விஷயம் என்பதுபோல ஒரு நடிப்பு.

துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அவரை இழுத்து வந்தவர் திருமுருகன். கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி, வயது அறுபத்தொன்று, வாயைத் திறந்தால் கிண்டல். திருச்சி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் கிளப். அங்கே காற்றுத் துப்பாக்கியால் பத்து மீட்டரில் உள்ள அட்டையைச் சுட வேண்டும். நாற்பது குண்டு, நானூறு புள்ளி. முதல் வருஷமே சவுரிராயன் முந்நூற்று அறுபத்தெட்டு எடுத்தார். இப்போது முந்நூற்று நாற்பதைத் தாண்டவே மூச்சு வாங்கியது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த அறிவிப்பும் வந்தது. மூத்தோர் பிரிவில் மாவட்டத்திலிருந்து மூன்று பேர் கொண்ட அணி மாநிலப் போட்டிக்குப் போகலாம். மூன்று பேரும் மாவட்டப் போட்டியில் முந்நூற்று அறுபது எடுத்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அணி கிடையாது. திருமுருகன் எடுத்துவிடுவார். ஒரு ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியரும் எடுத்துவிடுவார். மூன்றாவது ஆள் சவுரிராயன். அவரை விட்டால் விழுப்புரத்தில் அந்த வயதில் சுடுகிறவர் வேறு யாரும் இல்லை.

சவுரிராயனுக்கு அந்த அணியில் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பது பிரபாவதிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "வண்டி லேட்டா வந்தா ஆயிரம் பேர் திட்றான். டைமுக்கு வந்தா ஒருத்தனாவது எஞ்சின் பக்கம் திரும்பிப் பாக்கறானா? பொட்டியத் தூக்கிக்கினு அவன் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கான். முப்பத்தாறு வருஷத்துல என் பேரச் சொல்லி ஒருத்தன் கை தட்டனதில்ல பிரபா." சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த பொன்னாங்கண்ணிக் கீரையைப் பிசைந்தார். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து அந்த வீட்டில் தினமும் அந்தக் கீரைதான். பிரபாவதிக்கு அதைப் பார்த்தாலே அலுத்துப் போயிருந்தது. இருந்தாலும் சமைத்துப் போட்டார். கீரையை ஆய்ந்து அலசிக்கொண்டே, "திண்டிவனத்துல இசைவாணி கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்" என்று மூன்று வாரம் சொல்லிச் சொல்லி ஒருவழியாக ஆளைக் கிளப்பியும் விட்டார்.

இசைவாணி திண்டிவனத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். நாற்பது வயது இருக்கும். பிரபாவதிக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அவளுடைய கடையில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே வருகிறவர்களிடம், "எழுத்து தெரியுதா?" என்று முதலில் கேட்கமாட்டாள். "என்ன வேலை பண்றீங்க? எவ்ளோ தூரத்துல வெச்சிப் பண்றீங்க?" என்று கேட்பாள். கழுத்தில் தையல்காரர் போல ஒரு டேப் தொங்கும். பூக்கட்டுகிறவர்களுக்குக் கண்ணிலிருந்து மடி வரைக்கும் அளப்பாள். பஸ் கண்டக்டருக்குக் கண்ணிலிருந்து டிக்கெட் மெஷின் வரைக்கும். புத்தகத்தில் போட்டிருக்கிற தூரத்தில் யாரும் வேலை செய்வதில்லை என்பது அவள் கட்சி.

பாசஞ்சர் ரயிலில் போனார்கள். துப்பாக்கி நீளப் பெட்டிக்குள் இருந்தது. விக்கிரவாண்டியில் ஏறிய ஒருவர் அதைப் பார்த்து, "இன்னா சார், கீபோர்டா?" என்றார். "ஆமா" என்றார் சவுரிராயன். "எங்க கச்சேரி?" "திண்டிவனத்துல." பிரபாவதி ஒரு விரலால் கண்ணாடியை நெற்றியோரம் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

கடையில் பெட்டியைத் திறந்ததும், பூக்கட்டுவதற்கான கண்ணாடிக்காகக் காத்திருந்த வெள்ளையம்மாள் என்ற கிழவி பெஞ்சை விட்டு எழுந்தேவிட்டாள். "இன்னாம்மா இது, கண்ணாடிக் கடையில துப்பாக்கி?"

"ஒண்ணும் இல்ல ஆயா, அவருக்கும் கண்ணாடிதான்" என்றாள் இசைவாணி.

"கண்ணு தெரியாதவரு கையில துப்பாக்கியக் குடுத்து வெச்சிக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மாள் வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தெருப் பக்கம் துப்பாக்கி முனையைத் திருப்ப சவுரிராயன் சம்மதிக்கவில்லை. குண்டு இல்லாவிட்டாலும் கூடாது, அது ரூல். அதனால் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்துக்குப் போனார்கள். இசைவாணி பத்து மீட்டரை டேப்பால் அளந்து, மதில் சுவரில் அட்டையை ஒட்டினாள். "இப்ப இதுல எப்படிப் பாப்பீங்க, சொல்லுங்க" என்றாள்.

சவுரிராயன் காட்டினார். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. குழலின் முனையில் ஒரு வளையம். அந்தப் பக்கம் அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். துளை வழியாகப் பார்த்து, வளையத்தின் நடுவில் கறுப்பு வட்டத்தை நிறுத்திச் சுட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். "வட்டம் பளிச்சினு தெரியுதும்மா. இந்த வளையம்தான் எழவு, ரெண்டா மூணா தெரியுது. கழுவிப் பாத்துட்டேன். எண்ணெ போட்டுப் பாத்துட்டேன்."

இசைவாணி சிரிக்கவில்லை. அவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தபடியே இருக்க, கண்ணிலிருந்து வளையம் வரைக்கும் அளந்தாள். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். பிறகு, கண் பரிசோதனை செய்யும்போது மூக்கில் மாட்டுவார்களே, வட்ட வட்டமாக, பக்கத்துக்குப் பக்கம் திருகோடு ஒரு கனமான பிரேம், அதை அவர் முகத்தில் ஏற்றினாள். வலது பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டாள். எடுத்தாள். இன்னொன்றைப் போட்டாள்.

"இப்ப?"

வளையம் ஒன்றே ஒன்றாக, மை போட்டுக் கோடு இழுத்த மாதிரி நின்றது. இரண்டு வருஷமாக அவர் அதை இப்படிப் பார்த்ததில்லை. அப்புறம்தான் வளையத்துக்கு அந்தப் பக்கம் கவனித்தார்.

"வட்டம் மங்கிடிச்சே!"

"கொஞ்சம் மங்கும் சார். உங்க தூரப் பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா வயசானா கண்ணு ஒரு தூரத்துல நின்னுக்கும். கிட்டயும் எட்டயும் மாறி மாறி ஓடாது. ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும். உங்க நம்பர் பிளஸ் முக்கால்."

"இன்னாம்மா பேசற? சுட வேண்டியது அந்த வட்டத்தத்தான. அது மங்கலா இருந்தா எப்படி?"

"அது எங்கனா ஓடிடப் போவுதா சார்? செவுத்துல ஒட்டி வெச்சிக்கீது. ஆடறது உங்க கையில கீற துப்பாக்கி. எது ஆடுதோ அதுமேலதான் கண்ணு இருக்கணும்."

நியாயமான பேச்சு. அதனால்தான் சவுரிராயனுக்குக் கோபம் வந்தது. பிரேமைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "முப்பத்தாறு வருஷம் சிக்னல் பாத்து வண்டி ஓட்னவன்மா நானு. சிக்னல் மங்கலா தெரிஞ்சா வண்டிய நிறுத்தணும். மங்குனாலும் பரவால்ல, போலாம்னு போறவன் டிரைவர் இல்ல, கொலகாரன். இந்த வயசுல வந்து நீ எனக்கு மங்கலாப் பாக்கக் கத்துக் குடுக்கறியா?"

இசைவாணி கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நம்பர எழுதி வெச்சிக்கிறேன் சார். மனசு மாறுனா போன் பண்ணுங்க" என்றாள். பிரபாவதியைத் தனியாக நிறுத்தி அவள் என்னவோ கேட்டாள். பிரபாவதி, "அதுக்கு இப்ப இன்னா அவசரம், இவரு வேல முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, அதற்குள் தெருமுனை வரை போய்விட்ட புருஷனைப் பிடிக்க ஓடினார்.

திரும்பி வரும் ரயிலில் சவுரிராயன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மயிலம் போனது, பேரணி போனது, முண்டியம்பாக்கம் போனது. விழுப்புரத்தில் இறங்கி நடந்தபோது அடுத்த பிளாட்பாரத்தில் ஒரு வண்டிக்கு எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், சவுரிராயன் நின்றார்.

எஞ்சின் ஆமை வேகத்தில் பெட்டியை நோக்கி வந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே அரை உடம்பை நீட்டியிருந்தான். கீழே நின்ற பாயின்ட்ஸ்மேன் கையைக் காட்டிக்கொண்டே வந்தான். மூன்று மீட்டர், இரண்டு மீட்டர், ஒரு மீட்டர். டிரைவரின் கண் அந்தக் கையை விட்டு அசையவில்லை. அவனுக்கு நேர் எதிரே, தூரத்தில், வண்டி கிளம்ப அனுமதி தருகிற ஸ்டார்டர் சிக்னல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிவப்போ பச்சையோ, அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. எஞ்சின் மாட்டும்போது எட்டத்துச் சிக்னலை வேடிக்கை பார்க்கிற டிரைவருக்கு மறுநாளே மெமோ வரும். டிக் என்று ஒரு சத்தம். பெட்டி துளிகூடக் குலுங்கவில்லை.

சவுரிராயன் இதே வேலையை ஆயிரம் தடவை செய்திருக்கிறார். துப்பாக்கி பிடித்த நாலு வருஷமும் தான் மெயின் லைனில் வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது மெயின் லைனே இல்லை. கிட்டத்திலேயே கண்ணை வைத்துப் பெட்டி மாட்டுகிற ஷண்டிங்.

"பிரபா, நான் ஒரு முட்டாளு" என்றார்.

"இதச் சொல்றதுக்கா வெயில்ல நிக்க வெச்சீங்க? நடங்க, ஷேர் ஆட்டோ போய்டும்" என்றார் பிரபாவதி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே இசைவாணிக்கு போன் போட்டார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அந்த பிளஸ் முக்கால் இன்னும் இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று வியாழக்கிழமை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கென்று இருக்கும் பிரேம் சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆகும். சாதாரண பிரேமில் போட்டால் என்ன என்று சவுரிராயன் கேட்டார். "கன்னத்த சாய்ச்சிக்கினு பாக்கறீங்க சார். அப்ப பார்வை கண்ணாடியோட மூலையிலதான் போவும். மூலையில நம்பர் சரியா நிக்காது. சில்லு கண்ணுக்கு நேரா நிக்கணும்" என்றாள். அவளே ஒரு வழியும் சொன்னாள். "ஞாயித்துக்கிழம கடை லீவுதான். டெஸ்ட் பண்ற பிரேமையே எடுத்தாறேன். அதுல எந்தப் பக்கம் வேணாலும் திருகி வெச்சிக்கலாம். ஆனா நானும் கூட வருவேன். அது என் கடைக்கே ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு சார், அந்த வளையத்த ஒரு சைஸ் பெருசா மாத்துங்க. இடுக்கா இருந்தா வளையமும் வட்டமும் ஒட்டிக்கும்."

பெரிய வளையத்தைத் திருமுருகன் கொடுத்தார். "போன வருஷமே குடுத்திருப்பேன் அண்ணே. உன் கண்ணப் பத்தி யாரு உங்கிட்ட பேசறது? உசிரோட வூடு போய்ச் சேரணுமே நான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகைக்குள் சவுரிராயன் அந்த பிரேமோடு நுழைந்ததும் கிசுகிசுப் பேச்செல்லாம் நின்றுபோய்ப் பெரிய சிரிப்பாகக் கிளம்பியது. வலது கண்ணில் வட்டக் கண்ணாடி, இடது கண்ணில் கறுப்புத் தகடு, காதோரம் திருகாணிகள். "அண்ணே, கண் ஆஸ்பத்திரியில இருந்து சொல்லாம கொள்ளாம எழுந்து வந்துட்டியா?" என்றார் திருமுருகன். சவுரிராயன் அசரவில்லை. எஞ்சினில் முகமெல்லாம் கரியோடும் எண்ணெயோடும் பிளாட்பாரத்தில் இறங்கி நடந்த ஆளுக்கு இதெல்லாம் ஒரு வெட்கமா?

வெட்கம் வராவிட்டாலும் வம்பு வந்தது. சாமான்களைப் பரிசோதிக்கும் மேஜையில் கலைப்பிரியா என்ற நடுவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது, கறாரான முகம், கையில் ஸ்கேல். கறுப்புத் தகட்டை அளந்தார். "சார், சுடாத கண்ண மறைக்கிறது முப்பது மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. இது முப்பத்தெட்டு இருக்குது. அனுமதிக்க முடியாது."

திருமுருகன் சண்டைக்குக் கிளம்பினார். சவுரிராயன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரூலுன்னா ரூலு. அவங்க மேல தப்பு இல்ல" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, வேறு வழி தெரியவில்லை. மறைப்பு இல்லாவிட்டால் இடது கண்ணும் கூடப் பார்க்கும். அதை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் வலது கண்ணும் சேர்ந்து துடிக்கும். வரிசையில் போய் நிற்க எட்டு நிமிஷம்தான் இருந்தது.

"கறுப்பு வேணாம் சார், வெள்ளையே போதும். வெளிச்சம் வரும், கண்ணுக்கு நல்லதுகூட" என்றாள் இசைவாணி. பெட்டியிலிருந்து நம்பர் இல்லாத வெறும் கண்ணாடிச் சில்லை எடுத்தாள். "இதுமேல ஒட்ட ஏதாவது வெள்ளையா வேணும். ஜல்தி!"

பிரபாவதி கைப்பையைத் திறந்து மருந்துக்கடை பேப்பர் டேப் ஒரு சுருளை நீட்டினார். ஒரு இஞ்சு அகலம். இசைவாணி ஒரு துண்டு கிழித்து சில்லின் நடுவில் ஒட்டினாள். கலைப்பிரியா அளந்தார். இருபத்தைந்து. பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். கைப்பையில் எதற்கு பேப்பர் டேப் என்று யாரும் பிரபாவதியைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

முதல் பத்து குண்டு தொண்ணூற்றிரண்டு. சவுரிராயன் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார், "வளையம், கிளியர்." சொல்லி முடித்ததும் விரல் அழுத்தியது. கறுப்பு வட்டம் அந்தப் பக்கம் பஞ்சாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். இரண்டாவது பத்தில் தொண்ணூற்றொன்று. பின்னால் பெஞ்சில் திருமுருகனின் கிண்டல் அடங்கிவிட்டது.

மூன்றாவது பத்தில் அவருக்குள்ளிருந்த பழைய டிரைவர் விழித்துக்கொண்டார். வட்டம் எங்கே, சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கயிற்றில் ஓடி வந்த அட்டையில் ஏழு. பதறி இன்னொரு தடவை பார்த்தார். ஆறு. அந்தப் பத்து எண்பத்தைந்தில் முடிந்தது. இனி கடைசிப் பத்தில் தொண்ணூற்றிரண்டு வேண்டும்.

சவுரிராயன் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். கையைத் துடைத்தார். முன்னே இருந்த பத்து மீட்டரையும் மறந்தார். கண்ணெதிரே அந்த பாயின்ட்ஸ்மேனின் கையைக் கொண்டு வந்து நிறுத்தினார். ஒரு மீட்டருக்கு அப்பால் உலகத்தில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அது இவர் வேலை இல்லை. துப்பாக்கியை எடுத்தார். ஒன்பது. ஒன்பது. பத்து. ஒன்பது. பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும். பத்து. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. பத்து.

கடைசிக் குண்டுக்கு எட்டு போதும். அது அவருக்குத் தெரியும். மனக்கணக்கு அவருக்கு எப்போதும் வேகம். எட்டு போதும் என்று நினைத்தால் ஏழு வரும் என்பதும் தெரியும். வளையம் லேசாக ஆடியது, ஆட்டம் குறைந்தது, நின்றது. "கிளியர்" என்றார். இந்தத் தடவை வாய்விட்டே சொல்லிவிட்டார். கலைப்பிரியா நிமிர்ந்து பார்த்தார். டிக் என்றது துப்பாக்கி.

அட்டை வந்தது. நடுவில் ஓட்டை. பத்து.

அட்டைகளை எல்லாம் சரிபார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பிறகு மைக்கில் கலைப்பிரியாவின் குரல் வந்தது. "மூத்தோர் பிரிவு. சவுரிராயன், விழுப்புரம். முந்நூத்தி அறுபத்தி ரெண்டு. மாவட்ட அணி தேர்வாயிடுச்சு." கொட்டகை முழுக்கக் கை தட்டினார்கள். திருமுருகன் விசில் அடித்தார். தகரக் கூரையில் பட்டு அந்தச் சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பியது.

சவுரிராயன் பார்த்தார். பிரேமைக் கழற்ற மறந்துவிட்டார். தட்டுகிற கைகள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன, முகங்களும் அப்படித்தான். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. என் பேர், என் பேர் என்று நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முகம்தான் துடைத்தெடுத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. ஒரு துப்பாக்கி தூரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்த பிரபாவதியின் முகம்.

எத்தனை நாள் கழித்து அந்த முகத்தை இவ்வளவு சுத்தமாகப் பார்க்கிறார்? கண்ணோரச் சுருக்கம், மூக்குத்திப் பொட்டு, எல்லாம் தெரிந்தது. கண்ணாடியும் தெரிந்தது. அதன் வலது காதுக் கம்பி, பிரேமோடு சேரும் இடத்தில் உடைந்து, வெள்ளை பேப்பர் டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. ஒரு சுற்று இல்லை. பழைய சுற்று அழுக்காகி, அதன் மேல் இன்னொரு சுற்று, அதன் மேல் இன்றைக்குப் போட்ட புதுச் சுற்று.

கை தட்டும் சத்தம் எங்கேயோ போய்விட்டது. "பிரபா, கண்ணாடி எப்ப ஒடஞ்சிது?"

"பொங்கலுக்கு முன்னாடி."

இப்போது ஆடி மாசம். அரை வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே தட்டுக் கீரையின் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மஞ்சள் விளக்கைக் கண்டுபிடிக்கிற ஏ-ஒன் கண். சவுரிராயனுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் கொட்டகை முழுக்கச் சிரித்தபோது வராத வெட்கம்.

"அன்னிக்கு கடையிலயே மாத்தித் தர்றேன்னேன் சார். உங்க வேல முடியட்டும்னு சொல்லிட்டாங்க" என்றாள் இசைவாணி.

"என் வேல முடிஞ்சிது" என்றார் சவுரிராயன். "அந்த அளவு டேப்ப எடும்மா. இப்பவே அள. இவளுக்கு அளக்காம இந்தக் கொட்டகையை விட்டு ஒருத்தரும் போகக் கூடாது."

இசைவாணி கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "சொல்லுங்கம்மா. என்ன வேலை பண்றீங்க? எவ்ளோ தூரத்துல வெச்சிப் பண்றீங்க?"

பிரபாவதி புருஷனை மேலும் கீழும் பார்த்தார். மூக்கில் அந்த பிரேம், இடது கண்ணில் தன் பேப்பர் டேப், கன்னத்தில் துப்பாக்கிக் கட்டை அழுத்திய தடம், கண்ணில் தண்ணீர்.

"முப்பத்தஞ்சு வருஷமா இவரப் பாத்துக்கினு கீறதுதான் என் வேல" என்றார். "தூரம் மட்டும் இனிமே கிட்டத்துலயே போட்டுடு."